பழைய லேண்ட்ரோவரில் வெபர் கார்புரேட்டர்: மாற்றுவதும் புகைச் சோதனையில் தேறுவதும்

சீரிஸ் லேண்ட்ரோவர் ஒன்றைப் புதிதாக வாங்கியவர் கோலாலம்பூரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும், முதலில் காதில் விழுவது "கார்புரேட்டரை மாத்திடுங்க பாஸ்" என்பதுதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம் அது. கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, சிக்னலில் நின்றதும் எஞ்சின் அணைந்துபோவது, மேட்டில் இழுக்காமல் திணறுவது என எல்லாவற்றுக்கும் இதே மருந்து. சில வண்டிகளுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் நோய் வேறிடத்தில் இருந்தால், புது கார்புரேட்டரைப் பூட்டிய பிறகும் அதே புகை வரும். காசு போனதுதான் மிச்சம்.

இங்கே சொல்வது 2.25 லிட்டர் (2286 சி.சி.) நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள சீரிஸ் 2ஏ, சீரிஸ் 3 வண்டிகளுக்கானது. தேய்ந்துபோன ஸெனித் 36 ஐவி-யைக் கழற்றிவிட்டு வெபர் 34 ஐசிஎச் பூட்டும் வேலை. சாவிகளும் ஸ்பேனர்களும் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு சனிக்கிழமைக்குள் பூட்டிவிடலாம். கலவையைச் சரிசெய்து புகை அளவைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவருவதற்குத்தான் பொறுமை வேண்டும். அதனால் அந்தப் பகுதி கீழே நீளமாக வரும்.

சட்டம் என்ன பார்க்கிறது

மலேசியாவில் புகை விஷயத்தில் அடிப்படை, 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த பெட்ரோல் எஞ்சின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள், 1996. பழைய வண்டியின் எக்ஸாஸ்ட் குழாயில் கருவியை நுழைத்து, எஞ்சின் ஐட்லிங்கில் (அக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது இரண்டைப் பார்ப்பார்கள்: கார்பன் மோனாக்சைடு எத்தனை விழுக்காடு, எரியாத ஹைட்ரோகார்பன் எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு). மாசு வடிகட்டும் கேட்டலிஸ்ட் இல்லாத காலத்து வண்டி என்பதால் எஞ்சினுக்குள் எப்படி எரிகிறதோ அதுவே குழாயில் தெரியும். மறைத்துக்கொள்ள இடமில்லை.

தனியார் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. ஆனால் பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் போன்ற ஆய்வு நிலையத்துக்கு வண்டி போயாக வேண்டும். பழைய லேண்ட்ரோவர்கள் கைமாறிக்கொண்டே இருப்பவை. வாங்கும்போதோ விற்கும்போதோ இந்தக் கேள்வி வந்தே தீரும்.

கார்புரேட்டர் எந்த நிறுவனத்துடையது என்று கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) எழுதியிருக்காது. எஞ்சின் எண், கொள்ளளவு, எரிபொருள் வகை இவைதான் இருக்கும். ஆகவே அதே எஞ்சினில் அதே வகைக் கார்புரேட்டரை மாற்றுவது பராமரிப்பு வேலை. எஞ்சினையே மாற்றுவது வேறு கதை. பலர் செய்வதுபோல் ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் அதற்கான ஆய்வும் இல்லாமல் சாலையில் ஓட்ட முடியாது. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு வாய் திறந்த கார்புரேட்டராக ஓட்டுவது, எஞ்சினின் மேலே உள்ள ராக்கர் மூடியிலிருந்து வரும் மூச்சுக் குழாயைக் கழற்றித் தரையைப் பார்க்கத் தொங்கவிடுவது, இவை இரண்டும் வேண்டாம். எஞ்சினுக்கும் கேடு, ஆய்வாளரின் கண்ணுக்கும் முதலில் படும்.

கார்புரேட்டர்தான் குற்றவாளியா?

புதிய கார்புரேட்டருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள். வரிசை முக்கியம். முந்தையது சரியாகாமல் அடுத்ததை அளந்து பயனில்லை.

வால்வ் இடைவெளி: இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.25 மி.மீ. (பத்து 'தௌ', அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு). ஈயமில்லாத பெட்ரோலில் நீண்ட நாள் ஓடிய பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் உட்காரும் இடம் தேய்ந்து இடைவெளி குறுகலாம். அடிக்கடி குறுகினால் ஹெட்டை இறக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கம்ப்ரஷன்: நான்கு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை (அக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தட்டு) முழுக்கத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்குக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் கார்புரேட்டர் காசை எஞ்சின் வேலைக்கு ஒதுக்குங்கள்.

தீப்பொறி: பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.75 முதல் 0.80 மி.மீ., எரியும் வரிசை 1-3-4-2. இந்த எஞ்சின் 7:1, 8:1 என இரண்டு கம்ப்ரஷன் விகிதங்களில் வந்தது. டைமிங் குறி இரண்டுக்கும் ஒன்றல்ல. கையேட்டில் உங்களுடையதைப் பார்த்து வையுங்கள். டைமிங் பார்க்கும்போது வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று குழாயை வாயால் உறிஞ்சினாலே தெரியும். உறிஞ்சியதும் நாக்கில் ஒட்டி நின்றால் நல்லது; காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிசல்.

மேனிஃபோல்ட் (ஹெட்டோடு சேரும் காற்று, புகைக் குழாய்த் தொகுதி): இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்திருக்கும். நடுவில் உள்ள கேஸ்கெட்டும் ஹெட்டோடு சேரும் கேஸ்கெட்டும் வயதானால் கசியும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்ட் சூடேறுவதற்குள் இணைப்புகளின் மேல் கார்ப் கிளீனரை ஒரு சிறு 'புஸ்' அடியுங்கள். எஞ்சின் சுற்று வேகம் ஏறினாலோ இறங்கினாலோ அங்கே கசிவு. சூடான எக்ஸாஸ்டின் மேல் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். சீரிஸ் 3-ல் பிரேக் சர்வோ இருந்தால் அதன் குழாயையும் அதே போல் பாருங்கள். ஐட்லிங் ஒழுங்காக நிற்காத வண்டிகளில் வெடித்துப்போன சர்வோ குழாய் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

கடைசியாகத்தான் ஸெனித். அதன் பெயர்பெற்ற நோய் மேல்மூடி வளைவது. மூடிக்கும் உள்ளே உள்ள எமல்ஷன் பிளாக்குக்கும் நடுவில் ஒரு ஓ-ரிங் உண்டு. அது சுருங்கி, மூடியும் வளைந்துவிட்டால் பெட்ரோல் அளவில்லாமல் நேராக உள்ளே இறங்கும். எந்த ஸ்குருவைத் திருகினாலும் புகை குறையாது. மூடியைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய நைஸ் எமரித் தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டால் பல ஸெனித்கள் பிழைத்துக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள ஸெனித் உச்ச வேகத்தில் வெபரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும். திராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக் கையில் ஆட்டம் தெரிந்தால் மட்டும் அதை விட்டுவிடலாம். அந்த இடைவெளி வழியாகக் காற்று புகும். கிட் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

என்ன வாங்க வேண்டும்

வெபர் 34 ஐசிஎச் ஒற்றைத் தொண்டை (காற்றுப் பாதை) உள்ள, கை சோக் கார்புரேட்டர். சோக் என்பது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தட்டு. எளிமையானது, பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். லேண்ட்ரோவருக்கென வரும் கிட்டாகவே வாங்குங்கள். காற்றுக் குழாயின் முழங்கை உட்காரும் வளையம், லிங்கேஜ் (அக்ஸிலரேட்டரோடு இணைக்கும் கம்பி அமைப்பு) நெம்பு, கேஸ்கெட் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் வெறும் கார்புரேட்டரை மட்டும் மலிவாக வாங்கியவர்கள் பிறகு கம்பி கட்டி ஓட்டுவதைப் பார்க்கலாம். அசல் வெபரில் ஸ்பெயின் தயாரிப்பு என்று இருக்கும். பழையதாக இருந்தால் இத்தாலியின் பொலோனா. பெயர் மட்டும் ஒட்டிய நகல்கள் ஏராளம். நகலில் ஜெட்டின் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) மேல் உள்ள எண்ணும் துளையின் உண்மையான அளவும் ஒத்துப்போவதில்லை. புகையை அளந்து சரிசெய்யப் போகிறவருக்கு அது பெரிய தலைவலி.

இரட்டைத் தொண்டை வெபர் 32/36 இன்னும் இழுவை தரும் என்பார்கள். அதற்கு அடாப்டர் தகடு வேண்டும், உயரம் கூடும், லிங்கேஜைப் புதிதாகச் செய்ய வேண்டும், ஜெட்டுகளை நீங்களே தேடிப் பொருத்த வேண்டும். முதல் கார்புரேட்டர் வேலைக்கு அது வேண்டாம்.

இவை தவிர:

- வெப்பம் தடுக்கும் பேக்கலைட் தகடு ஒன்று, அதன் இருபுறத்துக்கும் கேஸ்கெட்
- எரிபொருள் குழாய் ஒரு மீட்டர், புதிய கிளிப்புகள் நான்கு
- சிறிய பெட்ரோல் ஃபில்டர் ஒன்று
- வேக்குவம் குழாய் அரை மீட்டர்
- எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் (ஏன் என்று பிறகு வரும்)
- குறைந்த அழுத்தம் காட்டும் பெட்ரோல் பிரஷர் கேஜ்
- உலர்பொடித் தீயணைப்பான். கை எட்டும் தூரத்தில், காருக்குள் அல்ல

பழைய உதிரிப் பொருள் வேண்டுமானால் கேமரன் மலைப் பக்கம் விசாரியுங்கள். காய்கறித் தோட்டங்களில் இந்த வண்டிகள் இன்றும் சுமை ஏற்றுவதால் ரிங்லெட், தானா ராத்தா வட்டாரத்தில் லிங்கேஜ், முழங்கை போன்ற சில்லறைகள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கழற்றுதல்

எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில். பேட்டரியின் மண் இணைப்பை முதலில் கழற்றுங்கள். போனில் நாலாபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக லிங்கேஜ் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது, வேக்குவம் குழாய் எங்கே போகிறது என்பதை. காற்று முழங்கை, மூச்சுக் குழாய், சோக் கேபிள், திராட்டில் ராட், வேக்குவம் குழாய், கடைசியில் பெட்ரோல் குழாய் என்று வரிசையாகக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயில் மிச்சம் வரும். அடியில் டின் வையுங்கள். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

நட்டுகள் அங்குல மரை. பெரும்பாலும் அரை அங்குல ஸ்பேனர் பிடிக்கும். 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனைகளை உருட்டிவிட்டவர்கள் பலர். நட்டு கீழே விழுந்து மேனிஃபோல்ட்டுக்குள் போனால் மேனிஃபோல்டையோ ஹெட்டையோ இறக்க வேண்டிவரும். ஆகையால் கார்புரேட்டரைத் தூக்கிய அந்த நொடியே துளையில் சுத்தமான துணியைத் திணியுங்கள். துணி பெரிதாக இருக்கட்டும். பாதி வெளியே தொங்கினால் மறக்க மாட்டீர்கள்.

பூட்டுவதற்கு முன் மேசையில்

மேனிஃபோல்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு அடியில் நுழைந்தால் முகம் சமமில்லை. சமப்படுத்தாமல் சிலிக்கோன் பூசிச் சமாளிக்காதீர்கள். பெட்ரோல் பட்டால் சிலிக்கோன் ஊறி உரிந்து உள்ளே போய்விடும்.

புதிய கார்புரேட்டர் பெட்டியிலிருந்து வந்தது என்பதற்காக அப்படியே மாட்டிவிடாதீர்கள். மேல்மூடியின் ஸ்குருக்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். தளர்ந்தே வருவதுண்டு, ஓடும்போதும் தளரும். திராட்டில் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சுற்றிலும் சமமாக மூட வேண்டும். சோக் தட்டு முழுதாகத் திறந்து செங்குத்தாக நிற்கிறதா? மூடியைத் திறந்து ஃப்ளோட்டின் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரத்தைக் கிட் தாளில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஜெட்டுகளின் எண்களைக் குறித்து வையுங்கள். வெபர் எண் துளையின் விட்டத்தை மி.மீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 140 என்றால் 1.40 மி.மீ. 140-லிருந்து 145-க்குப் போவது சின்ன மாற்றமாகத் தெரியும். ஆனால் துளையின் பரப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. அதனால்தான் ஜெட்டை டிரில் போட்டுப் பெரிதாக்கித் தரும் போர்மேனிடம் (பட்டறை மெக்கானிக்) கொடுக்கக் கூடாது.

பூட்டுதல்

துணியை எடுங்கள். கேஸ்கெட், பேக்கலைட் தகடு, கேஸ்கெட், கார்புரேட்டர் என்ற வரிசை. நட்டுகளைக் கையால் உட்கார வைத்து, பிறகு சிறு ஸ்பேனரால் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். இது அலுமினிய உடம்பு. பலத்தைக் காட்டினால் அடித்தட்டு வளையும்; வளைந்தால் இரு ஓரத்திலும் காற்று இழுக்கும். காற்று இழுக்கிறதே என்று மேலும் இறுக்குவார்கள். அது இன்னும் வளையும்.

லிங்கேஜ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒருவரை உள்ளே உட்கார வைத்து அக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லுங்கள்; கார்புரேட்டரில் திராட்டில் முழுதாகத் திறக்க வேண்டும். காலை எடுத்ததும் தட்டென்று திரும்பி ஸ்டாப் ஸ்குருவில் உட்கார வேண்டும். ராட் சற்று நீளமாகிவிட்டால் திராட்டில் ஒரு மயிரிழை திறந்தே நிற்கும். பிறகு ஐட்லிங்கைச் சரிசெய்யவே முடியாது. சோக் கேபிளும் அப்படித்தான்: டேஷ்போர்டில் குமிழை முழுக்க உள்ளே தள்ளிய பின் தட்டு செங்குத்தாக நிற்கும்படி கட்டுங்கள். கேபிள் உறையின் பிடி நழுவினால் சோக் பாதி மூடியே ஓடும். புகைச் சோதனையில் தோற்கும் வண்டிகளில் இது சாதாரணமாக அகப்படும் தவறு.

பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலாகக் கொண்டுபோகாதீர்கள். ஃபில்டரையும் அங்கே தொங்கவிடாதீர்கள். வெபரின் ஊசி வால்வ் தாங்கும் அழுத்தம் 2 முதல் 3.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). எஞ்சினோடு வந்த மெக்கானிக்கல் பம்ப் பொதுவாகச் சிக்கல் தராது. ஆனாலும் கேஜ் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். முந்தைய உரிமையாளர் எலக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்தால் ரெகுலேட்டர் கட்டாயம். அழுத்தம் மிஞ்சினால் ஊசி மூடாது, ஃப்ளோட் அறை வழிந்து பெட்ரோல் தொண்டைக்குள் கொட்டும்.

எண்ணெயில் நனையும் பழைய காற்று வடிகட்டியைக் கழுவி, குறி வரை புதிய எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயையும் உறிஞ்சும்.

இப்போது எஞ்சின் ஆயில். பழைய கார்புரேட்டர் வழிந்துகொண்டிருந்தது என்றால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். எஞ்சின் சூடானதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகி, ராக்கர் மூடியின் மூச்சுக் குழாய் வழியாகத் திரும்பக் கார்புரேட்டருக்கே வரும். கலவை ஸ்குருவை முழுக்க மூடினாலும் கார்பன் மோனாக்சைடு இறங்காது. புதுக் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகே மேற்கொண்டு போங்கள்.

முதல் ஸ்டார்ட்

பேட்டரியை இணைக்கும் முன் பம்பின் கைநெம்பை அடித்து ஃப்ளோட் அறையை நிரப்புங்கள். நெம்பு இல்லாவிட்டால் பேட்டரியை மாட்டிச் சில விநாடி கிராங்க் செய்து நிறுத்துங்கள். ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காய்ந்திருந்தால் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நிதானமானதும் படிப்படியாகத் தள்ளுங்கள். கோலாலம்பூர் வெப்பத்தில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் சோக் தேவைப்படாது. அதற்கு மேலும் கேட்டால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கிறது.

கலவையைச் சரிசெய்தல்

எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். 15 நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் போதும். வெறுமனே நிறுத்தி ஐட்லிங்கில் சூடாக்குவது பத்தாது. மூச்சுக் குழாய், காற்று வடிகட்டி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும்.

1. ஐட்லிங் வேக ஸ்குருவை முழுக்கத் தளர்த்தி, திராட்டில் நெம்பை அது தொடும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து அரைச் சுற்று உள்ளே திருகுங்கள்.
2. கலவை ஸ்குரு கார்புரேட்டரின் அடிப்பாகத்தில் இருக்கும். மேலே பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். மெதுவாக உட்காரும் வரை உள்ளே திருகி, அங்கிருந்து 2 சுற்று வெளியே. இறுக்கி அடைத்தால் கூர்முனை நசுங்கும்.
3. ஸ்டார்ட் செய்து, வேக ஸ்குருவால் எஞ்சினை நிமிடத்துக்கு 650 சுற்று அளவுக்குக் கொண்டுவாருங்கள்.
4. கலவை ஸ்குருவைக் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து விநாடி காத்திருங்கள். எஞ்சின் தடுமாறத் தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து கால் சுற்று, கால் சுற்றாக வெளியே. எஞ்சின் மறுபடி சீராகி, சுற்று அதற்கு மேல் ஏறாமல் நிற்கும் முதல் இடத்தில் நிறுத்துங்கள்.
5. வேகம் கூடியிருந்தால் வேக ஸ்குருவைக் குறைத்துவிட்டு நான்காவதை இன்னொரு முறை செய்யுங்கள்.

முடிவில் இரண்டு எண்களைப் பாருங்கள். கலவை ஸ்குரு ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே நின்றால் ஐட்லிங் ஜெட் பொருத்தம். இரண்டைத் தாண்டிப் போனால் ஜெட் சிறிது, அல்லது காற்று கசிகிறது. ஒன்றரைக்கும் கீழே என்றால் ஜெட் பெரிது.

வேக ஸ்குரு முதலில் தொட்ட இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்றுக்கு மேல் உள்ளே போயிருக்கக் கூடாது. போயிருந்தால் திராட்டில் தட்டின் விளிம்பு பக்கத்தில் உள்ள சின்னத் துளைகளைத் திறந்துவிட்டிருக்கும். பெட்ரோல் அவற்றின் வழியாக வந்துகொண்டிருக்கும்போது கலவை ஸ்குருவுக்கு வேலையே இருக்காது. "ஸ்குருவைத் திருகினா ஒண்ணுமே ஆகலை" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான். அந்த நிலையில் ஸ்குருக்களை விட்டுவிட்டு, டைமிங்கையும் கசிவையும் மறுபடி பாருங்கள்.

கருவி சொல்வதைப் படித்தல்

காதால் இவ்வளவு தூரம் வரலாம். இதற்கு மேல் எக்ஸாஸ்ட் வாயுவை அளக்கும் கருவி உள்ள பட்டறை வேண்டும். நான்கு வாயு அளக்கும் கருவியாக இருந்தால் நல்லது. இந்த எஞ்சினுக்கு நீங்கள் குறிவைக்க வேண்டியது ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 1.5 முதல் 2.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 400 பி.பி.எம்.-க்குக் கீழ். சட்ட வரம்பின் விளிம்பில் நிறுத்துவது புத்திசாலித்தனம் அல்ல. சோதனை நாளில் வெயிலும் வரிசையும் சேர்ந்து அளவை ஏற்றிவிடும்.

இரண்டு எண்களும் சேர்ந்துதான் கதை சொல்லும். கார்பன் மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம்: சோக், ஃப்ளோட் உயரம், பம்ப் அழுத்தம், அடைத்த வடிகட்டி, பெட்ரோல் கலந்த ஆயில் என்ற வரிசையில் தேடுங்கள். ஆயிலைச் சந்தேகித்தால் மூச்சுக் குழாயை ஒரு நிமிடம் கழற்றுங்கள்; எண் சட்டென இறங்கினால் ஆயில்தான்.

கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் எங்கோ எரியாமல் போகிறது. கலவை மிக மெலிந்திருக்கலாம், பிளக்கோ வயரோ பலவீனமாக இருக்கலாம், ஒரு வால்வ் மூடாமல் இருக்கலாம். இங்கே பலர் செய்யும் தவறு, எண்ணைக் குறைக்க வேண்டும் என்று கலவையை மேலும் மெலிதாக்குவது. அப்போது ஹைட்ரோகார்பன் இன்னும் ஏறும். அரைச் சுற்று வெளியே திருகிப் பாருங்கள். இறங்கினால் மெலிந்த கலவைதான் காரணம். இறங்காவிட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டுமே அழகாகக் குறைந்து, ஆக்ஸிஜன் மட்டும் கூடுதலாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று கலக்கிறது. ஓட்டையை அடைத்ததும் உண்மையான எண் தெரியும்.

பிறகு நிமிடத்துக்கு 2500 சுற்றில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு ஐட்லிங் அளவைவிட இறங்க வேண்டும். ஏறினால் மெயின் ஜெட்டை ஒரு படி குறைக்க யோசிக்கலாம். அதற்கு முன் காற்று வடிகட்டியை இன்னொரு முறை பாருங்கள்.

வெயில், மேடு, சரிவு

பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் மலைச்சாலை ஓட்டிப் பார்க்கத் தோதானது. நீண்ட ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இழுக்கும்போது தும்மினால் மெயின் ஜெட் சிறிது, அல்லது பம்ப் போதவில்லை. மிதித்த நொடியில் மட்டும் விக்கினால் அக்ஸிலரேட்டர் பம்பின் டயாஃப்ரமைப் பாருங்கள்.

உயரம் கலவையை மாற்றும். 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். கலவை 5 விழுக்காடு அளவுக்குக் கெட்டியாகும். கடல்மட்டத்தில் சரியாக வைத்த வண்டி கேமரனில் கொஞ்சம் புகைப்பது இயல்புதான், தொட வேண்டாம். அங்கே போய்ச் சரிசெய்துவிட்டுக் கோலாலம்பூருக்கு இறங்கினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும்.

தைப்பூச நாள்களில் ஜாலான் ஈப்போ நெரிசலில் அரைமணி நேரம் நின்று, எஞ்சினை அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்யப் போனால் கிளம்பாது. கீழிருந்து ஏறும் சூட்டில் ஃப்ளோட் அறைப் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்ட்டுக்குள் வழிந்திருக்கும். அக்ஸிலரேட்டரைப் பம்ப் பண்ணாமல் தரை வரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அடிக்கடி நடந்தால் பேக்கலைட் தகடு போட்டீர்களா, குழாய் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள்.

காட்டுப் பாதையில் செங்குத்தாக ஏறும்போது ஃப்ளோட் சாய்ந்து வழிந்தால் ஃப்ளோட் மட்டத்தை ஒரு மி.மீ. தாழ்த்தலாம். அதற்கு மேல் வேண்டாம்; சமதளத்தில் வேகமெடுக்கும்போது பெட்ரோல் பத்தாமல் போகும். சேறும் தண்ணீரும் கடந்து வந்த பிறகு திடீரென ஐட்லிங் நிற்கவில்லை, சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது என்றால் ஐட்லிங் ஜெட்டில் தூசியோ தண்ணீரோ. 34 ஐசிஎச்-இல் அந்த ஜெட்டை வெளியிலிருந்தே ஸ்குருடிரைவரால் கழற்றலாம், ஊதிவிட்டு மாட்டுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். பயணப் பெட்டியில் ஒரு உபரி ஜெட்டும் ஒரு டயாஃப்ரமும் இருக்கட்டும்.

சோதனைக்குப் போகும் நாள்

புதிய ஆயில் போட்டு ஓரிரு வாரம் ஓட்டிய பிறகு தேதி வாங்குங்கள். அதற்குள் மேல்மூடி ஸ்குருக்களையும் அடி நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்திருக்க வேண்டும். கேஸ்கெட் சூட்டில் அமுங்கித் தளரும். நிலையத்துக்கு முந்தைய 20 நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போங்கள். வரிசையில் நெடுநேரம் ஐட்லிங்கில் நின்றால் பிளக்கில் கரி படியும். முறை வரும் முன் நடுநிலையில் 2500 சுற்று அளவில் அரை நிமிடம் வைத்தால் குழாய் சுத்தமாகும். சோக் குமிழை உள்ளே தள்ளியிருக்கிறீர்களா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் சேற்றுக்கும் பெயிண்டுக்கும் அடியில் ஒளிந்திருந்தால் முதல் நாளே துடைத்து வையுங்கள். புகையில் தேறிவிட்டு எண் தெரியாததால் திரும்பி வருவது எரிச்சலான விஷயம்.

கொடுக்கும் அறிக்கையை வண்டிக் காகிதங்களோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை சரிசெய்யும்போது ஒப்பிட அந்த எண்கள்தான் ஆதாரம். கழற்றிய ஸெனித்தைப் பெட்ரோலால் கழுவிக் காயவைத்து, லிங்கேஜ் துண்டுகளோடு சேர்த்துப் பெட்டியில் கட்டி வையுங்கள். அசல் பாகங்களோடு வாங்க விரும்புகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.